மூன்றாம் வரிசையின் நான்கு வெங்காயங்கள்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். நுணுக்குக்காட்டியை எப்படித் துடைப்பது, மாணவர்களை எப்படிக் குழுக்களாகப் பிரிப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாததை ஒரு தவணைக்குள் பழகிவிடுவீர்கள். ஆகவே அவற்றை விட்டுவிட்டு, ஆய்வுகூடத்தில் நான் செய்த ஒரு களவைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் களவைவிட நல்ல சொல் ஒன்று கிடைக்குமா என்று பல வருடங்களாக யோசித்துவிட்டேன். கிடைக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அதுவரை நான் ஒரு பெரிய கல்லூரியில் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். டொக்டராக வேண்டும் என்று வீட்டில் நேர்த்தி வைத்து அனுப்பிய பிள்ளைகள். நான் வாய் திறப்பதற்கு முன்பே குறிப்பெழுதத் தொடங்கிவிடுவார்கள். அங்கிருந்து சுன்னாகத்துக்கு அப்பால் இருந்த ஒரு தொழிற்பாடசாலைக்கு என்னை மாற்றினார்கள். மானிப்பாயிலிருந்து காலையில் பஸ் ஏறி, சந்தையடியில் இறங்கி, வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே நடந்து போக வேண்டும். முதல் மாதம் முழுக்க எனக்கு முகமே சரியில்லை என்று என் தங்கை இப்போதும் சொல்வாள்.

மாணவர்கள் பதினாறு, பதினேழு வயதுக்காரர். சோதனையில் ஒன்றிரண்டு பாடம் தவறி, இனித் தொழிலாவது பழகட்டும் என்று அனுப்பப்பட்டவர்கள். அயலில் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் அவர்களை 'மண்வெட்டி வகுப்பு' என்று பகிடி பண்ணுவார்கள். இவர்களும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் முதல் சில வாரங்கள் கலத்தின் படத்தைக் கரும்பலகையில் கீறினேன். அவர்கள் மரியாதையாகப் பார்த்துக் கீறினார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதில் ஒரு சந்தோஷமும் இருக்கவில்லை.

ஒருநாள் வழமையான பாடமாக வெங்காயத்தின் உட்தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் காட்டினேன். பாடசாலையில் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. ஒவ்வொருவராக வந்து பார்த்துப் போனார்கள். புனிதவதி என்ற பிள்ளை மாத்திரம் பார்த்த பிறகும் நகரவில்லை. அவளுடைய தகப்பன் வெங்காயச் செய்கைக்காரர்.

"நல்ல வெங்காயத்தைப் பாத்திட்டம் ரீச்சர். அழுகின வெங்காயத்தைப் பாக்கேலாதோ?" என்று கேட்டாள்.

ஏன் என்று விசாரித்தேன். விதைக்கென்று ஒதுக்கும் வெங்காயத்தை இலைத்தாளைக் கத்தரித்துச் சுத்தமாக்கிக் கொட்டிலுக்குள் பரப்பி வைப்பார்களாம். மாரி தொடங்கியதும் ஒரு மூலையில் கறுத்த தூள் பிடிக்குமாம். பிறகு நாற்றம். நடுகைக்கு எடுக்கிற நேரம் நல்லதைப் பொறுக்கி எடுப்பதே பெரும்பாடாம். மழைக்காற்று கொண்டுவருகிற நோய் வருத்தம் அது, ஒன்றும் செய்ய ஏலாது என்று தகப்பன் சொல்வாராம்.

அடுத்த நாள் அவள் பழைய கடதாசியில் சுற்றி ஐந்தாறு கறுத்த வெங்காயம் கொண்டுவந்தாள். அந்தக் கறுத்த தூளில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தோம். மெல்லிய காம்புகளின் நுனியில் குண்டூசித் தலைபோலக் கறுத்த உருண்டைகள். அன்றைக்கு மற்றப் பாட ஆசிரியர் வந்து கதவடியில் நின்று கனைத்தும் பிள்ளைகள் போகவில்லை. மயிரிழை போன்ற ஒன்றைப் பார்ப்பதற்கு இத்தனை பேர் வரிசையில் நின்று இடிபட்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதுவொரு பூஞ்சணம், பங்கசு இனத்தைச் சேர்ந்தது என்று விளக்கினேன்.

பின்வாங்கிலிருந்து தவராசா எழும்பினான். காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை. தகப்பன் தொழிலுக்குக் கடலில் போகிறவர். தோட்டக்காரப் பிள்ளைகள் நிறைந்த அந்த வகுப்பில் அவன் ஒருவன்தான் கடற்பக்கம். அதனால் அதிகம் கதைக்க மாட்டான்.

"இது வந்தாப் பிறகு வெங்காயம் அழுகுதோ, அழுகினாப் பிறகு இது வருகுதோ?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியும். சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். இதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று அவர்களிடமே திருப்பிக் கேட்டேன். என் பணிக்காலத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. மூன்று நாள் வாதாடினார்கள். கடைசியில் ஒரு செயற்றிட்டம் உருவாகிவிட்டது.

அகன்ற வாய்ப் போத்தல்கள் பதினெட்டுச் சேர்த்தோம். ஒவ்வொன்றிலும் ஈரப்பஞ்சின் மேல் ஒரு நல்ல வெங்காயம். மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு. முதல் வரிசையில் தோல் காயப்படாத வெங்காயத்தின் மேல் கறுத்த தூளைத் தூவினோம். இரண்டாம் வரிசையில் வெங்காயத்தைக் கத்தியால் கீறி, கீறலில் தூளை வைத்தோம். மூன்றாம் வரிசையில் கீறியதோடு சரி, தூள் வைக்கவில்லை. பூஞ்சணம்தான் குற்றவாளி என்றால் மூன்றாம் வரிசை சுத்தமாக இருக்க வேண்டும். வெட்டும் வேலை முழுவதையும் புனிதவதி செய்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

அடுத்த புதன்கிழமை இரண்டாம் வரிசையில் கறுப்புத் தெரிந்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். மற்ற இரண்டு வரிசையும் பளிச்சென்று இருந்தன. நான் ஓய்வறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மண்வெட்டி வகுப்புச் செய்கிற காரியத்தைப் பாருங்கள் என்று எனக்கு ஒரே புளுகமும் பெருமையும்.

அடுத்த நாள், வியாழக்கிழமை, அதிபர் என்னைக் கூப்பிட்டார். தொழிற்கல்விப் பிள்ளைகளுக்கு நுணுக்குக்காட்டியும் ஆய்வுகூடமும் வீண், அவற்றை வேறு பாடசாலைக்குக் கொடுக்கலாம் என்று மேலிடத்தில் ஒரு பேச்சு இருக்கிறதாம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு கல்வி அதிகாரி பார்க்க வருகிறார், அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் முடிவு என்றார். நான் பயப்படவில்லை. எங்களிடம் பதினெட்டுப் போத்தல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாடசாலை விட்ட பிறகு தவராசா மேசைகளைத் துடைத்துவிட்டுக் கடைசி ஆளாகப் போனான். நான் யன்னலைப் பூட்ட வந்த இடத்தில் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். முதல் போத்தலில் கீறலின் ஓரத்தில் கறுப்பு. இரண்டாவதிலும். மூன்றிலும் நான்கிலும். ஐந்தும் ஆறும் மாத்திரம் சுத்தம். தூள் வைக்காத வெங்காயத்துக்குப் பூஞ்சணம் எங்கிருந்து வந்தது? ஒரு கிழமையில் அதிகாரி வருகிறார். என்னிடம் இருந்தது பிழைத்துப்போன ஒரு பரிசோதனை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே யோசனை. ஞாயிறு பின்னேரம் குசினியில் என் தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுளகிலிருந்து நாலு நல்ல வெங்காயத்தை எடுத்தேன். குசினிக் கத்தியால் ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய், பிள்ளைகள் வருமுன் அந்த நாலு போத்தலையும் திறந்து வெங்காயத்தை மாற்றிவிட்டேன். கறுத்த நாலையும் கடதாசியில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் எங்காவது எறியலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. நீங்களும் ஒருநாள் உங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள நேர்ந்தால், அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள்.

முதற் பாடத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள். வந்ததும் போத்தல்களைப் பார்த்துக் குறிப்பது வழக்கம். புனிதவதி மூன்றாம் வரிசைக்கு முன்னால் குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இந்த நாலும் என்ரை வெட்டு இல்லை ரீச்சர். நான் இடக்கையாலை வெட்டிறனான். என்ரை கீறல் மற்றப் பக்கம் சரிஞ்சிருக்கும்."

வகுப்பு முழுவதும் வந்து குனிந்து பார்த்தது. அவள் சொன்னது சரி. ஐந்தாம் ஆறாம் வெங்காயங்களில் கீறல் ஒரு பக்கம் சரிந்திருந்தது, மற்ற நான்கிலும் எதிர்ப்பக்கம். யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். வெள்ளிக்கிழமை கடைசியாக நின்றது யார் என்று இன்னொருவன் கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லாக் கண்களும் பின்வாங்குக்குப் போயின.

தவராசா எழும்பி நின்றான். "நான் மேசை துடைச்சனான். போத்தலைத் தொடேல்லை" என்றான். ஏற்கெனவே அதிகம் கதைக்காத பிள்ளை. இனி இந்த வகுப்பில் ஒருபோதும் கதைக்க மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த ஒரு நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்பினேன். அந்த நேரத்தில் அதிகாரியோ நுணுக்குக்காட்டியோ ஒன்றும் என் நினைவில் இல்லை. பிடிபடாமல் தப்ப எனக்கு ஒரு வழி திறந்திருந்தது. அந்த வழியில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

"தவராசா, நீர் இரும்" என்றேன். "மாத்தினது நான்."

கைப்பையைத் திறந்து, கடதாசிச் சுற்றை எடுத்து மேசையில் பிரித்து வைத்தேன். நாற்றம் வகுப்பு முழுவதும் பரவியது. வெள்ளிக்கிழமை கண்டது, பயந்தது, குசினிக் கத்தி, முதல் பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்தது பிழை என்றும், தவராசாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். ஒரு ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமல்ல. தவராசா இருந்த இடத்திலிருந்து கறுத்த வெங்காயங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புனிதவதிதான் முதலில் அசைந்தாள். கொப்பியைத் திறந்து, மூன்றாம் வரிசையில் நாலு கறுத்துவிட்டன என்று வெள்ளிக்கிழமைத் திகதி போட்டு எழுதினாள். பிறகு, நான் கொண்டுவந்த நாலையும் என்ன செய்வது என்று கேட்டாள். எறிந்துவிடலாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. அவையும் கீறிய வெங்காயம்தானே, இருக்கட்டும் என்றாள். துண்டுக் கடதாசி கிழித்து, 'ரீச்சர் வைத்தவை' என்று எழுதிப் போத்தல்களில் ஒட்டினாள். ஒரு மூலையிலிருந்து சிரிப்புக் கிளம்பியது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணீரும் கூட வந்தது, அந்தப் பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டேன்.

அந்தச் சிரிப்புக்குள்தான் தவராசா கையை உயர்த்தினான். என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"எங்கடை நாலும் முதல் வெட்டின நாலு. கடைசி இரண்டும் பழுதாகேல்லை. ரெண்டாம் வரிசை வெட்டின அதே கத்தியாலைதானே மூண்டாம் வரிசையும் வெட்டினது?"

புனிதவதி ஓம் என்றாள். இரண்டாம் வரிசையில் கீறிய கையோடு கத்தி நுனியாலேயே தூளை எடுத்து வைத்ததையும், பிறகு கத்தியைத் துணியில் ஒருதரம் துடைத்துவிட்டு மூன்றாம் வரிசையை வெட்டியதையும் சொன்னாள்.

"அப்ப கத்தியிலை இருந்திருக்கு" என்றான் தவராசா. "நாலு வெட்டு வெட்டத் தீர்ந்துபோச்சு. எங்கடை வீட்டிலை பழுதான மீன் வெட்டின கத்தியைக் கழுவாமல் அம்மா நல்ல மீனிலை வைக்க விடமாட்டா."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பிழைத்துப்போன பரிசோதனை என்று இரண்டு நாளாக நான் நித்திரை இல்லாமல் கிடந்த விஷயம், இவன் வாயில் ஒரு கண்டுபிடிப்பாக வந்து நிற்கிறது. அந்தக் கறுத்த வெங்காயம் நாலும் குப்பைக்குப் போயிருந்தால் இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. சரியாக வராத முடிவை ஒருபோதும் அவசரப்பட்டு எறியாதீர்கள். அது உங்களுக்கு எதையோ சொல்ல வந்திருக்கிறது.

அன்றைக்கே மறுபடி தொடங்கினோம். புதிய வெங்காயம் பதினெட்டு. இந்த முறை ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் கத்தியை மதுசார விளக்குச் சுவாலையில் பிடித்துச் சூடாக்கி ஆறவிட்டோம். புனிதவதி வெட்ட, விளக்குக்குப் பொறுப்பாகத் தவராசா நின்றான். பழையவற்றையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம்.

இடைவேளையில் அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒருதரம் தலையைப் பிடித்தார். அதிகாரி கேட்டால் யார் சொல்வது என்று மட்டும் கேட்டார். நானே சொல்வேன் என்றேன். அப்படியென்றால் சரி என்று பழையபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை புனிதவதியின் தகப்பன் சைக்கிளில் வந்து இறங்கினார். மகள் வீட்டில் சொன்னதை அவர் நம்பவில்லை. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தார். பிறகு மகளிடம் கத்தியின் கதையைத் திரும்பவும் கேட்டார். தாள் கத்தரிக்கும்போது அழுகினதும் நல்லதும் ஒரே கத்தியால்தான் என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

"மழைக்காத்து எண்டு சொல்லிக்கொண்டிருந்தன் ரீச்சர். இவ்வளவு காலமும் நாங்கள்தானே கொண்டுபோய்ப் பூசியிருக்கிறம்" என்றார்.

அந்த மாரியில் அவர் கெட்டதை முதலே பிரித்து எறிந்துவிட்டு, தாளைக் கட்டையாக வெட்டாமல் நன்றாகக் காயவிட்டுக் கட்டினார். அழுகல் முற்றாக நிற்கவில்லை. ஆனால் நடுகைக்குப் பொறுக்கி எடுக்க அவ்வளவு பாடுபடவில்லை என்று பின்பு சொன்னார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். வெள்ளை முழுக்கைச் சேட்டு, கையில் ஒரு தோல் பை. சிரிக்காத மனிதர். இரண்டு தொகுதிப் போத்தல்களையும் பார்த்துவிட்டு, 'ரீச்சர் வைத்தவை' என்ற துண்டுக்கு முன்னால் நின்றார். இது என்ன என்றார். சொன்னபடி நானே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. அதிபர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அதிகாரி புனிதவதியிடம் திரும்பினார். புதிய மூன்றாம் வரிசை சுத்தமாக இருக்கிறதே, அப்படியென்றால் உங்கள் எண்ணம் சரிதானே என்று கேட்டார். ஓம் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நானே அவள் இடத்தில் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன்.

"இப்ப சொல்லேலாது சேர்" என்றாள் அவள். "போனமுறை ஏழாம் நாள்தான் கறுத்தது. இண்டைக்கு நாலு நாள். திங்கட்கிழமைதான் தெரியும்."

அவர் பேனையை மூடிச் சேட்டுப் பையில் குத்திக்கொண்டு, அதிபரோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நன்றாக நித்திரை கொண்டேன்.

திங்கட்கிழமை நான் பாடசாலைக்குப் போனபோது ஆய்வுகூட வாசலில் பிள்ளைகள் கூடி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் தோல் பையோடு அதிகாரி நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். இரண்டு நாளாக இதே யோசனையாக இருந்தது, என்ன நடந்தது என்று பார்க்காமல் அறிக்கை எழுத மனம் வரவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கதவைத் திறந்தேன். பிள்ளைகள் அவருக்கு வழி விட்டார்கள். இரண்டாம் வரிசை ஆறும் கறுத்திருந்தன. மூன்றாம் வரிசையை அவர் தானே ஒவ்வொரு போத்தலாக எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். ஐந்தாவதுக்குப் பிறகு பிள்ளைகள் இன்னும் நெருங்கி வந்தார்கள். ஆறாவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதிலையும் இல்லை" என்றார்.

வகுப்பு போட்ட சத்தத்தில் பக்கத்து மரவேலைக் கூடத்தில் சீவுளிகள் நின்றன. அங்கிருந்த பிள்ளைகளும் ஆசிரியரும் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். யாரோ தவராசாவின் முதுகில் தட்டினார்கள். அவன் தானாகவே எல்லோருக்கும் கத்தியின் கதையைச் சொல்லத் தொடங்கினான். இரண்டாந்தரம் சொல்லும்போது அது இன்னும் நீளமாக இருந்தது. அதிகாரி சேட்டுக் கையை மடித்துவிட்டு நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டார். ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடமும் தொடங்கிவிட்டது. அவர் எழும்பவில்லை. அவர் போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது.

கடைசியில், சுன்னாகம் ஸ்ரேசனில் ரயிலைப் பிடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று தவராசா சொன்னான். தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதிகாரி சரி என்றார். பிறகு புனிதவதியிடம் அந்த ஆறாவது போத்தலைத் தரமுடியுமா, அலுவலகத்தில் காட்ட வேண்டும் என்று கேட்டார். அவள் கொப்பியில் அதைப் பதிந்து கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள்.

ஆய்வுகூடம் எங்களிடமே இருந்தது. நுணுக்குக்காட்டியும் எங்கேயும் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. நினைவில் இருப்பது இதுதான். பாடசாலை மதிலோரம் முழு வகுப்பும் நிற்கிறது. தவராசா சீற்றிலிருந்து எழும்பி நின்று மிதிக்கிறான். பின்கரியரில், வெள்ளைச் சேட்டுக் காற்றில் உப்ப, இரண்டு கையாலும் ஒரு வெங்காயப் போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கல்வி அதிகாரி போகிறார்.